பிலோமின் சொல்லாத காரணம்

1

இந்தக் கதைக்கு என் கையில் இருந்த மூலதனம் ஒரே ஒரு வாக்கியம்தான். அதுவும் என்னுடையது இல்லை. நெல்லித்தோப்பில் ஒரு டீக்கடை வாசலில், தொப்பி போட்ட ஒருவர், டீ குடிக்காமல் நின்றுகொண்டு, டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவரிடம் சொன்னது:

"உன் தங்கச்சி கிறிஸ்டியனாவே இருக்கணும்னு நான் நோன்பு வச்சு துவா கேட்டுக்கிட்டு நிக்கறேன். நீ என்னடான்னா வடை தின்னுக்கிட்டு நிக்கற."

அதற்குமேல் கேட்க விடாமல் ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. பஸ் நகர்ந்தபோது இருவரும் இல்லை. பெஞ்சின்மேல் பாதி வடை இருந்தது. ஆகவே மீதியெல்லாம் நானே கட்டியது. பெயர், மன்றம், மெத்தைக் கடை எதையும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

"பல மதங்களும் கைகோத்து வாழும் புதுச்சேரியில்…" (இது சுற்றுலாத் துறையின் வேலை.)

"அந்த வீட்டு வாசலில் சிலுவை. எதிர்வீட்டு மாடியில் பிறை…" (எதிர்வீட்டு மாடியில் பிறை கிடையாது. கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி இருந்தது.)

"ரம் ஜாடி காலியாக இருந்தது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ரம் ஜாடி காலியாக இருந்தது. அக்டோபர் கடைசியில் அந்துவான் சமையலறை அலமாரியைத் திறந்தபோது, திராட்சையும் முந்திரியும் ஆரஞ்சுத் தோலும் ரம்மில் ஊறிக்கொண்டிருக்க வேண்டிய பீங்கான் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பாண்டிக் கிறிஸ்தவ வீடுகளில் விவிக்கம் என்று ஒரு கேக் செய்வார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, அப்புறம் இந்தப் பழம். பழம் ஊறாவிட்டால் கிறிஸ்துமஸ் வராது என்பது அந்துவானின் நம்பிக்கை. திருச்சபை இதுபற்றி எதுவும் சொன்னதில்லை.

அந்துவானுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத தங்கை பிலோமினோடு இருக்கிறார். பிலோமின் ரெட்டியார்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். அந்த வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும்.

"ஜாடி ஏன் காலியா கெடக்குது?"

"இந்த வருஷம் ஊற வைக்கலண்ணா."

"ரம்மு வெல ஏறிடுச்சா?"

"நான் முஸ்லிமா ஆகலாம்னு இருக்கேன்."

விலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அந்துவான் கொஞ்ச நேரம் யோசித்தார். புரிந்ததும் அவர் பெரிதாக எதையாவது கேட்பார் என்று நான் இங்கே ஒரு பத்தி அளவுக்கு இடம் விட்டிருந்தேன். விசுவாசம், இரட்சிப்பு, செத்துப்போன அப்பா அம்மா, இப்படி ஏதாவது. அவர் கேட்டது இது:

"அப்ப ஞாயித்துக்கெழம என்னை யாரு கோவிலுக்குக் கூட்டிட்டுப் போவா?"

"நான்தான். எறக்கி விட்டுட்டு வெளிய நிக்கறேன்."

"வெளியவா?"

"வெயில்லதாண்ணா நிக்கப் போறேன். நரகத்துல இல்ல."

மாதா கோவிலில் அவர்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரே பெஞ்சு. தூணுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. அந்துவானுக்கு அந்தப் பெஞ்சின் மறுபாதி கண்முன் வந்தது. பக்கத்துப் பெஞ்சு ரொசாரியோ அதில் வந்து உட்காருவான். இருமுவான். பூசை முழுக்க இருமுவான். தன் வாழ்க்கையில் மீதி இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ரொசாரியோவின் இருமலோடு கழியப்போகின்றன என்று நினைத்துக்கொண்டார். நினைத்தது இருமலைப் பற்றி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அதன்பிறகுதான் கேட்டார்: "ஏன்?"

பிலோமின் ஜாடியை எடுத்துத் துடைத்து அதில் புளியைப் போட்டு மூடினாள்.

3

இப்போது ஒரு சங்கடமான தகவலைச் சொல்ல வேண்டும். மதச் சுதந்திரத்தைப் பற்றி நெல்லித்தோப்பில் அதிகம் பேசியிருப்பவர் அந்துவான்தான். 'கிறிஸ்தவ இஸ்லாமிய உரையாடல் மன்றம், நெல்லித்தோப்புக் கிளை' என்ற அமைப்பின் இணைச் செயலாளர் அவர். (வேறு கிளை எங்கும் இல்லை. கிளை என்று போட்டால் எங்கோ மரம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.) இன்னோர் இணைச் செயலாளர் ஜமாலுதீன். வீடு மூலக்குளம், மெத்தைக் கடை நெல்லித்தோப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கடையின் மாடியில் கூட்டம். தலைவர் கலியமூர்த்தி, மில்லில் வேலை பார்த்தவர், இந்து. இரண்டு பக்கமும் சேராத ஆள் வேண்டும் என்று அவரைப் பிடித்து வந்தார்கள். பேச்சாளரின் நேரம் முடிந்தால் அடிப்பதற்கு வீட்டிலிருந்து பூஜை மணியைக் கொண்டுவருவார்.

மன்றம் தொடங்கிய முதல் கூட்டத்திலேயே நாற்காலி பறந்தது. அவரவர் மதத்தின் பெருமையை அவரவர் பேசினால் அப்படித்தான் ஆகும். மில் யூனியனில் பல சண்டைகளைப் பார்த்த கலியமூர்த்தி ஒரு வழி சொன்னார்: "ஒங்க கட்சிய நீங்க பேசினாதான வம்பு? மாத்திப் பேசுங்கய்யா."

அன்றிலிருந்து மன்றத்தில் இஸ்லாத்தின் பெருமையைக் கிறிஸ்தவர்கள் பேசுகிறார்கள். கிறிஸ்தவத்தின் பெருமையை முஸ்லிம்கள் பேசுகிறார்கள். பதினோரு வருஷமாக நாற்காலி பறக்கவில்லை. வேறு சில விளைவுகள் உண்டு. மாடியில் இலவம்பஞ்சு பறப்பதால் தும்மல் அதிகம். அந்துவான் தும்மினால் "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். ஜமாலுதீன் திடுக்கிட்டால் "ஏசுவே" என்கிறார்.*

ஆண்டு விழாவுக்குப் பிலோமின் இரண்டு தட்டு விவிக்கம் கொண்டுவருவாள். ரம் போட்டது கிறிஸ்தவர்களுக்கு, போடாதது முஸ்லிம்களுக்கு. கலியமூர்த்தி நடுநிலையாளர் என்பதால் இரண்டிலும் எடுத்துக்கொள்வார். ரம் தட்டில் மட்டும் நடுநிலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

* அந்துவானின் பேச்சுக்கு வேண்டியதையெல்லாம் படித்துச் சொன்னது பிலோமின்தான். படித்தால் அவருக்குத் தூக்கம் வரும். 'ஆ, இதோ காரணம்' என்று நீங்கள் பென்சிலை எடுக்கிறீர்கள். நானும் எடுத்தேன். அவளோ, "பதினோரு வருஷமா பாய் பேசின ஏசுவையும்தான் முன்வரிசையில உக்காந்து கேட்டேன். மனப்பாடமா ஒப்பிப்பேன். அது மட்டும் ஏன் வேல செய்யலயாம்?" என்றாள். பென்சிலைக் கீழே வையுங்கள்.

4

கதையில் ஒருவர் கொலை செய்தால்கூடக் காரணம் இல்லாமல் விட்டுவிடலாம். மதம் மாறினால் விடமாட்டார்கள். எனவே பிலோமினுக்கு ஒரு காரணம் வாங்கித்தர முயன்றேன்.

காதல்: "சலீமின் முழங்கையில் நரம்பைத் தேடியபோது பிலோமினின் விரல்கள் ஒரு கணம்…" (நிறுத்திவிட்டேன். நரம்பு தேடுகிறவளுக்கு நரம்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதாம். தவிர, லேபுக்கு ரத்தம் கொடுக்க வரும் அந்தச் சலீமுக்கு மூன்று பேத்திகள்.)

கனவு: "வெண்ணிற ஒளியில் யாரோ அவளைப் பெயர் சொல்லி…" (விடிவதற்குள் எழுந்து லேபுக்கு ஓடுகிறவள். படுத்தால் மரக்கட்டை. கனவுக்கெல்லாம் நேரமில்லை.)

கோபம்: பங்குக் கோவிலில் யாரோ அவளை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இல்லியே, சாமியார் நல்லவரு. பாட்டுக் குழு நல்லாப் பாடும். எனக்கு எல்லாரையும் புடிக்கும்" என்றாள். எல்லாரையும் பிடித்த ஒருத்தியை வைத்துக்கொண்டு கதை எழுதுவது தண்டனை.

"அப்ப என்னதான் காரணம்?" என்று நானே நேரடியாகக் கேட்டேன்.

"நீங்க எதுக்குக் கதை எழுதறீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டு மூட என்னிடம் புளியும் இல்லை.

5

அந்துவான் விஷயத்தைச் சொன்னதும் ஜமாலுதீன் "ஏசுவே" என்றார். அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர். ஆனால் கலியமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு, அந்த வாரமே ஒரு மத்தியானம் பிலோமினின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"டீ குடிங்க பாய்."

"நோன்பும்மா."

"இப்ப என்ன நோன்பு?"

ஜமாலுதீனை முந்திக்கொண்டு கலியமூர்த்தி பேசினார். "நீ மனசு மாறணும்னு வச்சிருக்காரு. யாருகிட்ட என்ன வேண்டிக்கிட்டாருன்னு நல்லாக் கேளு."

"வேண்டிக்கிட்டேன்தான்," என்றார் ஜமாலுதீன். "அப்புறம் இப்படியெல்லாம் வேண்டலாமான்னு பயந்துபோயி, அதுக்கும் சேத்து மன்னிப்பு கேட்டுக்கிட்டேன். பிலோமின்மா, அங்க ஒனக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல பாய்."

ஜமாலுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினோரு வருஷமாகக் கைதட்டல் வாங்கிய பேச்சை எடுத்தார். "நூறு ஆடும்மா. அதுல ஒன்னு காணோம். அந்த மேய்ப்பரு என்ன பண்றாரு? தொண்ணூத்தொம்பதயும் அப்படியே விட்டுட்டு அந்த ஒத்த ஆட்டத் தேடிக்கிட்டுப் போறாரு. காடு மேடெல்லாம் போறாரு. அப்பேர்ப்பட்டவர விட்டுட்டு வர்றேங்கறியே, ஞாயமா?" அவர் குரல் தழுதழுத்தது. மன்றத்தில் இந்த இடத்தில் கிறிஸ்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்துவான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். ஆனால் எதிரில் ஜமாலுதீன் பேசி முடித்தால் அடுத்து எழுந்து பேசியே பழகிய வாய் அது.

"விட்டுட்டு வர்றதா எப்படி பாய் ஆகும்? உங்கள்ல ஏசுவும் நபிதான? மாதாவுக்குன்னு உங்க வேதத்துல ஒரு அத்தியாயமே தனியா இருக்குது. இங்கேருந்து அங்க போறவ எதையும் தூக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதே…" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுண்ணா, ஏன் நிறுத்திட்ட?" என்றாள் பிலோமின்.

"முசே," என்றார் ஜமாலுதீன். கோபம் வந்தால் அவர் அந்துவானைப் பழைய பாண்டி வழக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். "நீ யாரு பக்கம்?"

"பழக்கம் பாய். நீ ஆரம்பிச்சா எனக்குத் தானா வந்துடுது."

"வாய மூடிக்கிட்டு இரு. பிலோமின்மா, பகைவனையும் நேசின்னு சொன்ன ஒரே…"

"ஒரேன்னு சொல்லாத பாய். தாயிப்ங்கற ஊர்ல தன்னைக் கல்லால அடிச்சவங்களுக்காகவே உங்க நபி துவா…"

கலியமூர்த்தி மணியை அடித்தார். பையிலேயே கொண்டுவந்திருந்தார்.

மணிச் சத்தம் அடங்கியபின் ஜமாலுதீன் வேறு குரலில் பேசினார். "இங்க பாரும்மா. நீ வர்றது எனக்குக் கசக்குமா? சத்தியமா இல்ல. நாளைக்கு எவனாவது போன்ல எழுதிப் போடுவான். நல்லிணக்கம் பேசறேன்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போயி ஆள் புடிச்சாங்கன்னு. கடை முன்னாடி பத்து பேரு வந்து நிப்பான். என் மவன்தான் இப்ப கல்லாவுல உக்காந்திருக்கான்."

இந்த இடத்தில் நான் ஒரு வேடிக்கை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

"அதனாலதான் பாய் உங்ககிட்ட வரல," என்றாள் பிலோமின். "வேற பள்ளிவாசல்ல போயி பேசிட்டேன். உங்க பேரும் எடுக்கல, மன்றத்துப் பேரும் எடுக்கல."

"எம்பேர எடுக்கவே இல்லியா?" என்றார் ஜமாலுதீன். அதில் நிம்மதியும் இருந்தது, லேசான வருத்தமும் இருந்தது. "சரி, காரணத்தையாவது சொல்லு. கேக்கறவனுக்கு நாங்க ஒரு பதில் சொல்லணும்ல."

"பாய், போன மாசம் உங்களுக்கு சுகர் பாத்தது நான்தான?"

"ஆமா."

"எவ்ளோ இருந்துச்சுன்னு இப்ப இங்க சொல்லட்டுமா?"

ஜமாலுதீன் கலியமூர்த்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது எதுக்கும்மா இங்க?"

"அது உங்க விஷயம். எங்க அண்ணன்கிட்டகூட நான் வாயத் தொறந்ததில்ல. இதுவும் அப்படித்தான்."

வெகுநேரம் கழித்துக் கலியமூர்த்தி கேட்டார்: "ஏன் பாய், ரொம்பவா இருந்துச்சு?"

6

இங்கே வந்ததும் எனக்கும் ஜமாலுதீனின் பயம் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொண்டால்? 'இந்தக் கதை யாருடைய பிரச்சாரம்' என்று கேட்டால்? கதையைத் திருப்பிப் போட்டேன். அந்துவானின் தங்கையை விட்டுவிட்டு, ஜமாலுதீனுக்கு மைமூன் என்று ஒரு தங்கையைக் கொடுத்து, அவளை ஞானஸ்நானம் வாங்க அனுப்பினேன். இப்போது முஸ்லிம்கள் கோபித்துக்கொண்டால்? அதற்காகத் திரும்பவும் முதல் வடிவத்துக்கு வந்தேன். மறுபடி பயம். இப்படி இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மாற்ற வேண்டியிருந்தவை கொஞ்சம் சொற்கள்தான். கோவில் பள்ளிவாசல் ஆனது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமை ஆனது. "எவனாவது போன்ல எழுதிப் போடுவான்" என்பதை ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அண்ணனின் "ஏன்?" அப்படியே இருந்தது. தங்கை வாய் திறக்காததும் அப்படியே இருந்தது.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. மைமூனின் வீட்டு அலமாரியில் ரம் ஜாடி இருக்க முடியாது. ஜாடி இல்லாமல் என்னால் கதையைத் தொடங்க முடியாது. ஆகவே பிலோமினுக்கே திரும்பி வந்தேன். இதில் கொள்கை எதுவும் இல்லை.

7

டிசம்பர், சனிக்கிழமை சாயங்காலம், மெத்தைக் கடை மாடி. மன்றத்தின் ஆண்டு விழா. இடப்பக்கம் கிறிஸ்தவர்கள், வலப்பக்கம் முஸ்லிம்கள், நடுவில் நடைவழி. மேசைமேல் ஒரே ஒரு தட்டு விவிக்கம். கலியமூர்த்தி மேசையை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"இன்னொரு தட்டு எங்க?"

"இந்த வருஷம் ஒன்னுதான் தலைவரே," என்றாள் பிலோமின்.

"ரம்மு?"

"இல்ல."

இந்த மதமாற்றத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட இந்து அவர் ஒருவர்தான்.

பிலோமின் முக்காடு போட்டிருந்தாள். எந்தப் பக்கம் உட்காரப் போகிறாள் என்று மாடியே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்கம் தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டு ஓரமாகப் போட்டுக்கொண்டாள். "இங்கதான் காத்து வருது," என்றாள்.

இதற்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அந்துவான் மேடையேறி, "என் தங்கை என் கண்களைத் திறந்தாள்" என்று கதற, இரண்டு பக்கமும் ஓடிவந்து கட்டிக்கொள்ள… (பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு அனுப்பலாம்.)

கீழே கடை வாசலில் பத்து பேர் வந்து நிற்க, ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டு… (இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இப்போதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எழுதமாட்டேன்.)

நடந்தது இதைவிடச் சின்னது. அந்துவான் எழுந்தார். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் பேசுகிற அதே பேச்சு. "அன்பார்ந்த பெரியோர்களே, மதச் சுதந்திரம் என்பது ஒவ்வொரு மனிதனும் தன் மனசாட்சிப்படி…"

அங்கேயே நின்றுவிட்டார். வாக்கியத்தின் மறுபாதி படிக்கட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, முக்காட்டுக்குள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் சரி முசே," என்றார் இடப்பக்கத்தில் ஒருவர். இருமல் கேட்டது, ரொசாரியோதான். "தங்கச்சி ஏன் போச்சு? அதச் சொல்லு."

"ஆமா," என்றார் வலப்பக்கத்தில் ஒருவர். "ஏன் வந்துச்சு?"

மன்றத்தின் வரலாற்றில் இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் முறை.

அந்துவானிடம் பதில்கள் இல்லாமல் இல்லை. ஒன்றரை மாதமாகச் செய்து வைத்திருந்தார். நான்தான் அவளைப் படிக்கச் சொன்னேன் என்று சொல்லலாம். தனியாக இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டாள் என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்றால் இன்னும் நல்லது. எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுக் கேக்கைத் தின்னப் போய்விடுவார்கள். அவர் தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு காரணம் சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்பது அவருக்குப் புரிந்தது. மாடியிலிருந்து மட்டும் இல்லை.

"தெரியாது," என்றார். "மொத நாளு கேட்டேன். அவ சொல்லல. அப்புறம் நான் கேக்கல. இனிமேலும் கேக்கறதா இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கெழம, என்னைக் கோவிலுக்கு அவதான் கொண்டுபோயி விடுவா. அவ்ளோதாங்க என் பேச்சு."

உட்கார்ந்தார். மணி அடிப்பதற்கு முன்பே அந்துவான் பேச்சை முடித்ததும் அதுதான் முதல் முறை. ஜமாலுதீன் எழுந்து தட்டை எடுத்தார். முதல் துண்டைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனார்.

"இந்தாம்மா."

"ஒங்களுக்கு வேணாம் பாய்," என்று துண்டை வாங்கிக்கொண்டே சொன்னாள் பிலோமின். "ஏன்னு ஒங்களுக்கே தெரியும்."

8

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடைசி வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். முதல் வரியிலிருந்தே நீங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் பார்க்கவில்லை. இலவம்பஞ்சு மூக்கில் ஏறியிருக்கும். கையில் ஒரு துண்டு விவிக்கம் வந்து சேர்ந்திருக்கும். ரம் இல்லாததால் கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி நேரம் என்று கலியமூர்த்தி அறிவித்துவிட்டார். உங்கள் கை பாதி உயர்ந்து நிற்கிறது. என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிலோமினுக்கும் தெரியும்; ஸ்கூட்டர் சாவியை இன்னும் பைக்குள் வைக்கவில்லை.

கலியமூர்த்தி பூஜை மணியை எடுத்துவிட்டார். இன்னும் அடிக்கவில்லை. உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.